பட்டாவில் இல்லாத பெயர்



எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் வந்து நிற்கிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். குமாரரில்லாமல் மரித்த செலொப்பியாத்தின் குமாரத்திகள். மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் முன்பாக, சபையார் யாவரும் பார்த்திருக்க, தகப்பன் பெயரால் தங்களுக்கும் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயமே என்றார் கர்த்தர்.

வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் நம் வயல்களுக்கு வருவோம். சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குகிறவர்கள் யார்? பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைத்து விரல் கறுத்தவர்கள் யார்? ஆயினும் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடிக் கைப்பற்றுகள் நூற்றில் ஏறக்குறைய 14 மட்டுமே பெண்கள் பொறுப்பில் இருந்தன.

பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, மத்திய அரசு தரும் ஆண்டுக்கு 6000 ரூபாய் என எதைக் கேட்டாலும் சிட்டாவையோ அடங்கலையோதான் முதலில் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கணவன் வெளிநாட்டிலிருக்க, மறுபடியும் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியவளின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவள் உழவரா, கூலியா?

இதை எழுத எனக்குத் தகுதி குறைவு. எங்கள் தகப்பனார் மரித்தபின் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான். கல்யாணத்துக்குத்தான் செய்துவிட்டோமே என்றேன். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனென்றும் மகளென்றும் வித்தியாசம் பாராட்டுவதில்லை. சட்டம் அவளுக்குக் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் நான் வாங்கிக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வாலிபர் காரியமும் இப்படியே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த பிள்ளை வரப்பில் நின்று ஒரு யோசனை சொன்னால், உனக்கென்ன தெரியும் என்கிறோம். அவன் சென்னைக்குப் போனபின், பிள்ளை நிலத்தை மறந்துவிட்டான் என்று ஜெபவிண்ணப்பம் எழுதித் தருகிறோம்! லூக்கா 15இல் மூத்த குமாரன் வயலிலிருந்துதான் வருகிறான். இத்தனை வருஷம் உழைத்தும் ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தன் கையில் தரப்படவில்லை என்பது அவன் மனத்தாங்கல். அவன் பொறாமையைக் கண்டித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவன் முறையீட்டுக்கு ஒருமுறையும் செவிகொடுத்ததில்லை. தனக்குள்ளதெல்லாம் அவனுடையது என்று அந்தத் தகப்பனாவது சொன்னார். நாம் எப்போது சொன்னோம்?

நிலமே இல்லாத குடும்பங்களும் நம் சபையில் உண்டு. அவர்களைக் குறித்து வேறொரு வாரம் எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஐப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. மேடைகளும் மாலைகளும் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வாரம் உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் சேர்க்க என்ன வழி என்று, நீங்கள் உயிரோடிருக்கும்போதே, பத்திரம் எழுதுபவரிடம் கேளுங்கள். ஒரு மா நிலத்தையாவது பிள்ளைகள் விருப்பப்படி பயிரிட விடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பத்திரத்தின் நகலைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.