சாவியைத் திருகுமுன் சற்றே சிந்தியுங்கள்

மட்டக்களப்பு நகரிலும் வாவியைச் சூழ்ந்த ஊர்களிலும் விடியற்காலையில் தவறாது கேட்கும் ஒலிகளுள் ஒன்று, நின்ற இடத்திலேயே நிற்கும் காரின் உறுமல். உரியவர் சாவியைத் திருகுகிறார். அக்சிலேற்றரை இரண்டு மூன்று தடவை ஓங்கி மிதித்து எஞ்சினை அலற வைக்கிறார். பின்னர் அதை அப்படியே ஓடவிட்டுத் தேநீர் அருந்த உள்ளே போய்விடுகிறார். பத்து நிமிடங்களின் பின் திரும்பி வருபவரிடம் காரணம் கேட்டால், "எஞ்சின் சூடாக வேண்டாமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். வாகனத்துக்குப் பணிவிடை செய்வதாக அவர் மனமார நம்புகிறார். அந்த நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை என்பதும், அது வாகனத்துக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே கேடு என்பதும் என் வாதம்.

இப்பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற கார்களில் சாவி மின்னோட்டத்தைத் திறப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. ஸ்டாட்டரை இயக்க வேறொரு குமிழை இழுக்கவேண்டும். காபரேற்றர் குளிர்ந்திருந்தால் சோக்கையும் இழுக்கவேண்டும். அவை குளிர்நாடான இங்கிலாந்தில் பிறந்தவை. அவற்றுக்கான அறிவுரைகளும் அங்கிருந்தே வந்தன. 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் அங்கே சூடாக்குவது பிழைப்புக்கான வழியாயிற்று.

இன்றைய பெற்றோல் கார்களின் நிலை அதுவன்று. எஞ்சினின் வெப்பத்தை அளக்க உணரி இருக்கிறது. எவ்வளவு பெற்றோலைப் பீச்ச வேண்டுமென்று கணினி தீர்மானிக்கிறது. ஸ்டாட் செய்யும்போது அக்சிலேற்றரை மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்கு அக்கணினி வழமையிலும் அதிகமான பெற்றோலை ஊட்டுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகவே சூடேறும்; பாரமிழுத்து ஓடும் எஞ்சின் விரைவில் சூடேறும். ஆகவே எஞ்சினைக் காப்பதாக எண்ணி நிறுத்தி வைப்பவர், அதன் தேய்மானக் காலத்தையே நீட்டுகிறார். மார்கழி விடியலில்கூட வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான ஊர் நம்முடையது. இங்கே எதற்கு இந்தக் குளிர்காய்தல்?

கணக்கையும் பாருங்கள். சிறிய கார் ஒன்று நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் பெற்றோலைக் குடிக்கும். நாளுக்குப் பத்து நிமிடமென்றால் 100 மில்லிலீற்றர். ஆண்டுக்கு 36 லீற்றர். 2022 யூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு வெறும் 5 லீற்றர். முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் ஏழு வாரம் குடும்பத்தைக் காப்பாற்றிய எரிபொருளை, நாம் வீட்டு வாசலில் புகையாக்குகிறோம். எரிபொருள் நிலையங்களின் முன் இரவுபகலாகக் கிடந்த வரிசைகளை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா?

முறையான வழி அரை நிமிட வேலைதான். கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளச்சை மிதியுங்கள். ஓட்டோ கியர் என்றால் பார்க் நிலையில் வைத்துப் பிரேக்கை மிதியுங்கள். சாவியை 'ஒன்' நிலைக்குத் திருகி, இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். பெற்றோல் பம்ப் அழுத்தம் ஏற்றுவதும், எச்சரிக்கை விளக்குகள் எரிந்து தம்மைக் காட்டுவதும் அப்போதுதான். டீசல் வாகனமாயின் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பின்னர் 'ஸ்டாட்' நிலைக்குத் திருகி, எஞ்சின் பிடித்ததும் சாவியை விட்டுவிடுங்கள். பத்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் நிறுத்தி, அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். விடாமல் திருகினால் ஸ்டாட்டர் மோட்டார் கருகும், பற்றரி சாகும். எண்ணெய் விளக்கு சில விநாடிகளில் அணையவேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியெனின் அரை நிமிடத்தில் புறப்படலாம். முதல் இரண்டு கிலோமீற்றரை மென்மையாக ஓட்டுங்கள். அதுவே உண்மையான சூடாக்கல்.

வெறும் 'டிக், டிக்' ஒலி மட்டும் கேட்டால் சாவியோடு மல்லுக்கட்டாமல் பற்றரியைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் உப்புக் காற்றில், பற்றரி முனைகளில் வெண்பச்சைப் பூப்பு எளிதில் படியும். இணைப்பைக் கழற்றிச் சுடுநீரால் கழுவி, துடைத்து, மீளப் பூட்டிக் கிறீஸ் தடவினாற் போதும்.

சாவியைத் தொடவே கூடாத வேளையும் உண்டு. 2011 சனவரி வெள்ளத்தை இம்மாவட்டம் மறக்காது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த காரைக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஸ்டாட் செய்யாதீர்கள். நீரை அமுக்க முடியாது. வளைந்து முறிவது எஞ்சினின் இணைப்புத் தண்டுதான்.

"ஐம்பது ஆண்டாக இப்படித்தான் செய்கிறேன்; என் காருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார் சிலர். ஆகியிருக்கும் தேய்மானம் வெளியே தெரிவதில்லை. தெரியாத இன்னொன்றும் உண்டு. அது காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் அற்ற அந்த நஞ்சு, வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜிலிருந்து பிள்ளைகள் உறங்கும் அறைக்குள் புகும். சாவி தொங்கும் வாகனத்தை ஓடவிட்டு உள்ளே போகிறவர், கியரைத் தட்டிவிடக்கூடிய சிறுவன் முற்றத்தில் நிற்பதையும் நினைக்கவேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. அதன் பின்னரும் புதிய கார் பலருக்கு எட்டாக்கனியே. கையிலிருக்கும் பழைய காரைத்தான் நாம் காக்கவேண்டும். நாளைக் காலை சாவியைத் திருகிய பின், தேநீருக்காக உள்ளே போகாதீர்கள். தேநீரை முதலில் அருந்திவிட்டு வந்து, சாவியைத் திருகுங்கள்.