ஆமை முன்னே, அமீனா பின்னே!

"இது காட்டு ஆமை இல்லை சார், பண்ணையில் பொரித்தது!"

தாம்பரம் பக்கத்தில் நட்சத்திர ஆமை வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் வியாபாரி இப்படித்தான் பேசுவான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்திருக்குமே, அந்த ஆமைதான்.

அவன் சொல்வது உண்மையா? ஓட்டைப் பாருங்கள். காட்டு ஆமை முள்ளிலும் கல்லிலும் உரசி வளர்ந்தது. ஓடு தேய்ந்திருக்கும், கீறலும் வடுவும் இருக்கும். கால் இடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கும். வீட்டில் வளர்ந்ததன் ஓடு வழவழப்பாக இருக்கும். தீனி சரியில்லாவிட்டால் மேடு மேடாகப் புடைக்கும்.

ஆனால் இந்த இனத்துக்கு இயற்கையிலேயே கொஞ்சம் மேடு உண்டு! குஞ்சிலேயே பிடித்து வீட்டில் வளர்த்தாலும் ஓடு வழவழப்பாகத்தானே இருக்கும்? பிறகு எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

நம் நாட்டில் அந்த வழக்கே தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இதை வீட்டில் வைக்க விடாது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையில் இதையும் சேர்த்துவிட்டார்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இப்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இவை பெட்டி பெட்டியாகப் பிடிபட்டது பல தடவை. வாங்குகிறவன் இருப்பதால்தானே முள்காட்டில் பிடிக்கிறவன் இருக்கிறான்?

வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வண்டலூர் காட்டில் நீங்களே கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு ஆமையின் நோய் காட்டு ஆமைக்குத் தொற்றிக்கொள்ளும்.