காவலுக்கும் காவல் வேண்டும்



பாலம் கட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு. அந்தப் பாலத்தில் விரிசல் விழுகிறதா என்று நாள்தோறும் பார்த்து வருகிறவனுக்குக் கல்வெட்டு உண்டா? இல்லை. படைப்பவனைப் பாராட்டுவதும் காப்பவனை மறப்பதும் உலக வழக்கமாகிவிட்டது. கணினி உலகமும் இதற்கு விலக்கன்று. புதிய செயலி ஒன்றை எழுதியவன் பெயர் ஊரெங்கும் ஒலிக்கிறது. அச்செயலி தடையின்றி ஓடுவதற்கு இடமளிக்கும் வலையமைப்பை இரவு பகலாகக் கண்காணித்து, பழுது நேர்ந்த உடனே பொறுப்பாளரைத் தட்டி எழுப்புகிற மென்பொருளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அதன் வேலை எளியது. இரவுக் காவலன் வீட்டுக்கு வீடு நின்று குரல் கொடுப்பதைப் போல, தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது சிறு செய்தி அனுப்புகிறது. விடை வந்தால் நலம். வராவிட்டால் மீண்டும் கேட்கிறது. குறித்த தடவை கேட்டும் மௌனமே விடையானால், பழுது என்று முடிவு கட்டி, பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி விடுக்கிறது. இப்படிக் குரல் கொடுத்துப் பார்க்கும் 'பிங்' என்ற சிறு நிரலை 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். கருவிகள் தம் நிலையைத் தாமே எடுத்துச் சொல்வதற்கு 'எஸ்.என்.எம்.பி.' என்ற பொது நெறி 1988-இல் வகுக்கப்பட்டது. 1999-இல் ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் வெளியிட்ட காவல் மென்பொருள், பின்னர் 'நாகியோஸ்' என்ற பெயர் பெற்று, விலையின்றி உலகெங்கும் பரவிற்று.

இத்துறையில் தமிழன் பின்தங்கி நின்றானா? நிற்கவில்லை! இன்று அலுவலகச் செயலிகளால் பெயர் பெற்றிருக்கும் ஸோஹோ நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்த பொருள் எது தெரியுமா? வலையமைப்புகளை மேலாள்வதற்கான மென்பொருளே. 2009-இல் பெயர் மாறிற்று, தொழில் மறக்கப்படவில்லை. அந்நிறுவனத்தின் 'ஆப்மேனேஜர்' இன்றும் பல நாட்டு அலுவலகங்களின் வலையமைப்புகளுக்குக் காவல் நிற்கிறது.

பெருமை பேசியாயிற்று, அமர்ந்துவிடலாமா? கூடாது. காவல் மென்பொருளை வாங்கி வைத்துவிட்டால் காவல் வந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பெரும் பிழை என்பேன்.

2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். மின்கம்பிகளைக் கண்காணித்த கட்டுப்பாட்டு அறையில், எச்சரிக்கை மணி எழுப்ப வேண்டிய மென்பொருளே பிற்பகலில் ஓசையின்றி நின்றுவிட்டது. அது நின்றதைச் சொல்ல இன்னொரு மணி இல்லை. மின்கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டன. அறையில் இருந்தவர்களோ, மணி அடிக்கவில்லை, ஆகவே நலமே என்று இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தார்கள். மௌனம் நலத்தின் அடையாளம் அன்று. காவலனே மயங்கி விழுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான தீமையும் உண்டு. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய இடையச் சிறுவன் கதை நாம் அறிந்ததே. ஒரு நாளைக்கு ஐந்நூறு செய்தி அனுப்பும் மென்பொருளுக்கும் அச்சிறுவனுக்கும் வேறுபாடு என்ன? நாலாம் நாள் பொறுப்பாளர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உறங்கப் போவார். ஐந்நூற்று ஒன்றாவது செய்திதான் உண்மைப் புலி!

இவ்விரண்டையும் பொறியாளர்கள் அறிவார்கள். அவர்கள் அதிகம் பேசாத மூன்றாவது ஒன்றைச் சொல்லவே நான் எழுதுகோலை எடுத்தேன்.

என் ஊர் கொல்லங்கோடு. நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், தமிழகத்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். நாங்கள் ஆட்சியால் கேரளத்தார். வீட்டு மொழியால் தமிழர். எங்கள் பகுதியில் இணையம் என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் ஒப்பினால்தான் அரிசி. 2023 ஏப்ரலில் சர்வர் கோளாறால் கேரளத்து ரேஷன் கடைகள் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். கணினியில் நேர்ந்த பழுது கஞ்சிப் பானை வரைக்கும் வந்தது.

அதே ஆண்டு ஜூன் 5 அன்று கேரள அரசு 'கே-ஃபோன்' என்ற தன் சொந்த இழைவலையைத் தொடங்கி வைத்தது. 30,000 அரசு அலுவலகங்களுக்கும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கும் இணையம் தருவது அதன் நோக்கம். நல்ல நோக்கம், வாழ்த்துகிறேன். அந்த வலையைக் கண்காணிக்கும் நடுவம் கொச்சியில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவம் ஓரிடத்தில் இருப்பது தவறன்று. அறிவு அங்கே, அரிசி இங்கே என்று நின்றுவிடுவதுதான் தவறு.

நாகியோஸ் போன்ற மென்பொருள்களில் ஓர் ஏற்பாடு உண்டு. வழியில் உள்ள தலைமைக் கருவி வீழ்ந்தால், அதற்கு அப்பால் உள்ள கருவிகளை 'வீழ்ந்தது' என்று குறிப்பதில்லை. 'எட்டவில்லை' என்று குறிக்கும். எட்டாத ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கூவாதபடி அமைத்தும் கொள்ளலாம். வேரைக் கண்டால் போதும், இலைகளை எண்ண வேண்டாம் என்பது பொறியாளர் நியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தோழர்களே, எல்லையோரத்து ஊர்கள் எல்லாம் அந்த இலைகள் அல்லவா? இலைக்காகவும் ஒரு குரல் எழ வேண்டாமா?

ஆகவே மூன்று செய்ய வேண்டும் என்கிறேன். முதலாவது, பட்டியல். காவல் மென்பொருள் தன் பட்டியலில் இருப்பதை மட்டுமே காக்கும். பட்டியலை எழுதுகிறவன் மனிதன். தலைமைச் செயலகத்து சர்வருக்கு உள்ள இடம், கடைக்கோடி ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதில் வேண்டும். இரண்டாவது, பழுதுச் செய்தி நடுவத்துப் பொறியாளருக்குப் போவதோடு நில்லாமல், பழுது நேர்ந்த ஊரில் உள்ள ஒருவருக்கும் அவர் மொழியில் போக வேண்டும். எங்கள் பகுதியில் மலையாளத்திலும் தமிழிலும். மூன்றாவது, காவல் மென்பொருளையே வேறோர் இடத்திலிருந்து இன்னொரு காவல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: "விழித்திருக்கிறாயா?"

"ரேஷன் கடைக்காரருக்குச் செய்தி போய் என்ன பயன்? அவரா இழையை ஒட்டப் போகிறார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒட்ட மாட்டார். ஆனால், "இன்று வராதீர்கள் பாட்டி, இயந்திரம் ஓடவில்லை" என்று சொல்லி அனுப்புவார். கூலி வேலையை விட்டுவிட்டு வெயிலில் இரண்டு மைல் நடந்து, வெறும் பையோடு திரும்பும் ஒரு கிழவியின் ஒரு நாள் மிஞ்சும். அந்த ஒரு நாள் கூலி சிறிதா?

செய்தி உரிய கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் அண்டையிலேயே காணலாம். எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே தண்டவாளத்தைக் கடக்கும் யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டு வந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்களில் கேமராக்களைப் பொருத்தியது. யானை தென்பட்டால் செய்தி வனத்துறையினருக்கும் ரயில்வேயினருக்கும் போகிறது. ரயிலின் வேகம் குறைகிறது. அங்கே கேமராவின் கூர்மை பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலையைச் செய்வது வேகத்தைக் குறைக்கும் கை. யானைக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு எங்கள் பாட்டிக்கும் கிடைக்கட்டுமே!

நம்மில் பலர் நாளை பொறியாளர் ஆவோம். சிலர் அலுவலகங்களில் இந்தப் பட்டியல்களை எழுதவும் போகிறோம். புதியது படைக்கும் ஆசை நமக்கு இருக்கட்டும். இருப்பதைக் காக்கும் பொறுப்பும் அதனோடு இருக்கட்டும். தொடக்கத்தை இங்கேயே செய்யலாம். அடுத்த முறை நம் விடுதியில் இணையம் நின்றால், வெறுமனே புலம்பிவிட்டு உறங்கப் போகாதீர்கள். "இந்தச் செய்தி யாருக்குப் போயிற்று? போன பின் அவர் என்ன செய்தார்?" என்று அலுவலகத்தில் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கேளுங்கள்.