தீப்பெட்டிக்குள் மின்மினி வேண்டாம்!



"சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கே வெளிச்சத்தைப் பத்திச் சொல்லித் தர்றியா?"ன்னு நீங்க கேட்கலாம். சொல்கிறேன், கேளுங்கள்.

நம்ம கம்பி மத்தாப்பு எரியும்போது சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம் என்று மருந்து கலக்க வேண்டும். அந்தப் பேரியத்தை 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. மருந்து கொஞ்சம் உராய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

மின்மினிக்கு இந்தப் பயமே இல்லை! அதன் வயிற்றடியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு சேர்கிறது. உடனே ஒளி வருகிறது. சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அந்த ஒளிதான் மின்மினியின் பேச்சு. ஆண் பறந்துகொண்டே மினுக்கும். புல்லில் இருக்கும் பெண் பதில் மினுக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு தாளம். 2022-ல் நம்ம தமிழ்நாட்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எண்ணற்ற மின்மினிகள் ஒன்றாக மினுக்கி ஒன்றாக அணைந்ததை வனத்துறையினர் பதிவு செய்தார்கள். அது இருட்டான காடு. கண்மாய்க் கரையில் விடிய விடிய விளக்கு எரிந்தால், பாவம், பெண்ணின் பதில் ஆணுக்கு எப்படித் தெரியும்? ஜோடி சேராவிட்டால் அடுத்த வருஷம் பூச்சி ஏது?

"மின்மினி இல்லாட்டி என்ன, சோறு கிடைக்காதா?" என்பான் ஒருவன். மின்மினிப் புழு நத்தையைத் தின்னும். பயிரைக் கடிக்கும் நத்தை பெருகினால் நஷ்டம் யாருக்கு?

இன்னொருத்தன், "ஆராய்ச்சிக்குப் பிடிக்கிறேன்" என்று தீப்பெட்டியில் அடைப்பான். 1947-ல் அமெரிக்காவில் மெக்கெல்ராய் என்ற விஞ்ஞானி, 100 மின்மினிக்கு 25 சென்ட் என்று சிறுவர்களிடம் வாங்கினார். ஆனால் 1985-லேயே லூசிஃபெரேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நொதியைப் பாக்டீரியாவை வைத்தே தயாரிக்கிறார்கள். விஞ்ஞானிகளே விட்டுவிட்டார்கள், நமக்கு எதுக்குப்பா?

பட்டாசை நான் குறை சொல்ல வரவில்லை. நமக்குச் சோறு போடுவது அதுதான். தெருவுக்கு விளக்கும் வேணும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் இருட்டில் நடக்க முடியாது. நான் கேட்பது மூன்றே மூன்று:

1. மின்மினியைப் பிடிக்காதீர்கள்.
2. கண்மாய், தோட்டம் பக்கம் உள்ள விளக்குகளுக்கு மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழச் செய்யுங்கள். ஆள் இல்லாத இடத்தில் அணையுங்கள்.
3. மழை பெய்ஞ்ச பிறகு நம்ம அறிவியல் மன்றம் ஊர் ஊராக மின்மினிகளை எண்ணி, கணக்கை இதே பலகையில் எழுதட்டும்.

ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பும் நாம், இந்தச் சின்னப் பூச்சிக்குக் கொஞ்சம் இருட்டு தரக் கூடாதா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி