ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு கம்ப்யூட்டர்

அரசின் இலவச லேப்டாப் வந்த வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்டுக்கொண்டு ஒரு மெனு நிற்கும். லினக்ஸ் பக்கம் யாரும் போவதில்லை. கொஞ்ச நாளில் சர்வீஸ் கடைக்காரர் "இது எதுக்குங்க, எடத்த அடைச்சிக்கிட்டு" என்று அதை அழித்தும் கொடுத்துவிடுவார்.

2011 செப்டம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியபோது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வந்தன. (ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது, அது தனிச் சோகம்!) இரண்டு ஓ.எஸ். இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றதற்குப் போக, திறந்து வைத்த வேலையை எல்லாம் மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இந்தச் சங்கடத்தைத் திருநாவலூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஊரில் பிறந்த சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார், திருவொற்றியூரில் சங்கிலியார். ஒற்றியூரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஆரூர் நினைப்பில் எல்லையைத் தாண்டினார், கண் பார்வை போய்விட்டது என்கிறது பெரியபுராணம். டூயல் பூட் என்பது கிட்டத்தட்ட அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸையும் ஓடவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி 2007 ஜனவரியில் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது; 2008ல் சன் கைக்கும், 2010ல் ஆரக்கிள் கைக்கும் போனது. பல வருடம் காசுக்கு விற்ற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது.

இதெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், பி.காம். படிப்பவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். உண்மையில் கம்பெனிக்காரருக்கு இது ஒரு வசதி, அவ்வளவுதான். ஒன்று கெட்டால் வேறு ஒன்று கிடைக்கும். திருநாவலூர் போன்ற ஊரில் ஒரு வீட்டுக்கே இருப்பது ஒரு லேப்டாப். அதில்தான் ப்ராஜெக்ட், அதில்தான் தம்பியின் ஆன்லைன் விண்ணப்பம், அதில்தான் அக்கா கல்யாண போட்டோ. பார்ட்டிஷனில் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் உளுந்தூர்பேட்டைக்கோ பண்ருட்டிக்கோ பஸ் ஏறி, கடைக்காரர் சொல்லும் காசைக் கொடுக்க வேண்டும். லினக்ஸ் தொடப்படாமல் கிடப்பதற்குச் சோம்பலை விட இந்தப் பயம்தான் பெரிய காரணம். டூயல் பூட் இரண்டு ஓ.எஸ். கொடுத்தது, கெடுத்துப் பார்க்கும் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

விர்ச்சுவல் மெஷினில் அந்தப் பயம் இல்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் என்பது வெளியே இருப்பவருக்கு ஒரு ஃபைல். சோதனைக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், எதை அழித்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். லெட்ஜரில் தப்பான என்ட்ரி போட்டுவிட்டு அந்தப் பக்கமே எழுதப்படாதது போல ஆக்கிக்கொள்வது மாதிரி! (ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.) இந்த யோசனையே பற்றாக்குறையில் பிறந்ததுதான். கம்ப்யூட்டர் ஒரு அறை அளவு இருந்த காலத்தில், ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கு போட ஐபிஎம் செய்த வேலை அது. 1972ல் விஎம்/370 என்ற பெயரில் வந்தது.

வணிகவியல் மாணவருக்கு டேலி வேண்டும், டேலிக்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே லேப்டாப்போடு வந்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸை உள்ளே போடுவதுதான் புத்திசாலித்தனம். லைசென்ஸ் தகராறும் இல்லை. தலைகீழாகச் செய்தால் உள்ளே போடும் விண்டோஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பெட்டி இலவசம் என்பதால் உள்ளே வைக்கும் பொருளும் இலவசம் ஆகிவிடாது. இங்கேதான் பலரும் க்ராக் தேடிப் போய் வைரஸோடு திரும்புகிறார்கள். டேலிக்கே க்ராக் தேடுகிறார்கள், மாதத்தில் ஓரிரு தேதிகளுக்கு மட்டும் என்ட்ரி போடவிடும் எஜுகேஷனல் மோடு சும்மா கிடைக்கும்போது! விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக்கும் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம். வியாபாரத்துக்கு என்றால் காசு.

எல்லா லேப்டாப்பிலும் ஓடுமா என்றால், ஓடாது. 2011ல் வந்தவற்றில் ராம் 2 ஜிபி. அதை இரண்டு ஓ.எஸ்.ஸுக்குப் பிரித்தால் இரண்டுமே தவழும். போதாததற்கு, 32 பிட் விண்டோஸ் மேல் ஓடுவதை 2018ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 நிறுத்திவிட்டது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் கையில்தான் ஓடாத இயந்திரம் இருந்தது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்த கணினிகளின் டெண்டரில் 8 ஜிபி ராம் கேட்டிருந்தார்கள். அதில் 2 ஜிபியை லினக்ஸுக்குக் கொடுத்தாலும் விண்டோஸ் முனகாது.

புது லேப்டாப் கைக்கு வந்தவர்கள் முதலில் பயாஸில் போய் விர்ச்சுவலைசேஷன் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாமல் இருந்தால் மென்பொருள் ஏதோ புரியாத எர்ரர் காட்டும், மெஷின் சரியில்லை என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பாஸ் லினக்ஸின் ஐஎஸ்ஓவை இறக்கி 20 ஜிபி இடம் ஒதுக்கினால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.