ஷிஃப்ட் முடிந்த கைகளுக்கு ஒரு பாய்மரக் கப்பல்

(நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.)

1) காலையில ஷிஃப்ட் மாறுற நேரத்துல சுங்குவார்சத்திரத்துல நின்னு பாருங்க. ஒரு பஸ் இறக்கிவிடும், இன்னொரு பஸ் ஏத்திக்கும். ஃபோன், ஃபிரிட்ஜ், கார், பைக், டயர்னு ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் செய்யாத பொருள் குறைவு. ஆனா இத்தனையும் செய்யிற கைகள்ல, "இதை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை நான் செஞ்சேன்"னு ஒரு பொருளைக் காட்டக்கூடிய கை எத்தனை இருக்கும்?

2) லைன்ல நிக்கிறவருக்கு ஒரே ஸ்க்ரூ, ஒரே கனெக்டர், ஒரே ஸ்டிக்கர். பொருள் நகர்ந்து போய்டும், முடிஞ்ச உருவத்தை அவர் பார்க்கிறது கடை ஷோகேஸ்ல. இது யாருடைய குற்றமும் இல்ல, அசெம்பிளி லைன் அப்படித்தான் ஓடும். ஆனா மனசுக்கு ஒரு கணக்கு உண்டு. செஞ்சு முடிச்ச திருப்தி அதுக்கு எங்கேர்ந்தாவது வேணும்.

3) அதனால ஒரு மருத்துவரா என் கருத்து: ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கைவேலை வேணும். தையலோ, தோட்டமோ, எதுவானாலும் சரி. எனக்குப் பிடிச்சதைச் சொன்னா சிலர் சிரிப்பீங்க: கிட் வாங்கி, மரத்துல பாய்மரப் போர்க்கப்பல் மாதிரி கட்டுறது. சிரிச்சு முடிச்சுட்டு மேல படிங்க.

4) கிட் பெட்டிக்குள்ள என்ன இருக்கும்? லேசர்ல வெட்டின பிளைவுட் துண்டுகள், மெல்லிய மரப்பட்டிகள், குட்டி குட்டி பித்தளை பீரங்கிகள், நூல் கண்டுகள், வரைபடம். முதல்ல அடிமரம். நம்ம உடம்புல முதுகெலும்பு மாதிரி. அதுல குறுக்கே சட்டங்கள், விலா எலும்பு மாதிரி. மரப்பட்டிகளைத் தண்ணியில ஊறவெச்சு, வளைச்சு, ஒவ்வொண்ணா அதுமேல ஒட்டணும். பெரும்பாலான கிட்டுகள்ல இதுவே ரெண்டு அடுக்கு. அப்புறம் பாய்மரம், குறுக்குக் கட்டைகள், கயிறுகள். மாலுமி ஏறுற கயிற்று ஏணியில மட்டும் நூத்துக்கணக்குல முடிச்சு. பெரிய கப்பலுக்கு வருஷக்கணக்குல ஆகும். அவசரப்பட்டா பட்டி உடையும்.

5) ஏன் போர்க்கப்பல்? 18ஆம் நூற்றாண்டு போர்க்கப்பல் ஒரு ஷிஃப்ட் ஃபேக்டரிங்க. பிரிட்டிஷ் கப்பல்ல மாலுமிகளை ரெண்டு அணியாப் பிரிப்பாங்க. 4 மணி நேரம் வேலை, 4 மணி நேரம் ஓய்வு. சாயங்காலம் 4லேர்ந்து 8 வரைக்கும் மட்டும் 2 மணி நேரமா ரெண்டா உடைப்பாங்க. எதுக்கு? ஒரே அணிக்கே தினமும் அதே ராத்திரி ட்யூட்டி வராம சுத்தி வரணும்னு. ரொட்டேஷன் ஷிஃப்ட்! தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல தூங்குறது அவங்கள்ல பல பேருக்கு அபூர்வம். உங்க கஷ்டத்தைப் புரிஞ்சுக்கக்கூடிய ஆளுங்க வாழ்ந்த கப்பலைத்தான் நீங்க கட்டப்போறீங்க.

6) இந்தக் கடல் கதை ஏதோ ஐரோப்பாவோட நின்னதும் இல்ல. 1782 பிப்ரவரி 17, நம்ம சதுரங்கப்பட்டினத்துக்கு எதிர்க்கடல்ல பிரெஞ்சு தளபதி சஃப்ரனும் ஆங்கிலேய தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினாங்க. கல்பாக்கம் பக்கத்துல இருக்கே, அதே சதுரங்கப்பட்டினம். ரெண்டு பேரோட தலைமைக் கப்பலும் 74 பீரங்கி வகை. அதே ரெண்டு பேர் நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர்னு அடுத்த வருஷம் வரை மோதிக்கிட்டே இருந்தாங்க. 1783 ஜூன்ல கடலூர் சண்டைக்கு வந்த ஹியூஸோட ஆளுங்கள்ல ஏராளமானவங்களுக்கு ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாம ஈறு வீங்கி, ரத்தம் கசிஞ்சு, எழுந்து நிக்க முடியாம போற நோய்.

7) இதுல டாக்டருக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, மருந்து அதுக்கு முன்னாடியே தெரியும். 1747ல சாலிஸ்பரிங்கிற போர்க்கப்பல்ல ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 ஸ்கர்வி நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஆளுக்கொரு வைத்தியம் குடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ரெண்டு பேர்தான் சீக்கிரம் எழுந்தாங்க. ஆனா பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறைப் பரவலா குடுக்க ஆரம்பிச்சது 1795ல. உழைக்கிறவன் உடம்புக்கு எது நல்லதுன்னு தெரிஞ்சும், அது அவன் கைக்கு வர்றதுக்கு அரை நூற்றாண்டு.

8) இன்னொண்ணு. திருகோணமலை பேரைத் தாங்கின போர்க்கப்பல் ஒண்ணு இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்லிபூல்ல மிதக்குது. எச்எம்எஸ் டிரிங்கோமலி. 1817ல பம்பாயில வாடியா குடும்பத்து கப்பல் கட்டுநர்கள் தேக்குல கட்டினது. நம்ம நாட்டுக் கைங்க கட்டினது 200 வருஷம் தாண்டி நிக்குது.

9) சரி, இதுல மருத்துவம் எங்க? 2023ல நேச்சர் மெடிசின் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 16 நாடுகள், 65 வயசுக்கு மேற்பட்ட 93,000க்கும் அதிகமானவங்க. பொழுதுபோக்கு உள்ளவங்ககிட்ட மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு, வாழ்க்கைத் திருப்தி அதிகம். கவனிங்க, இது தொடர்பைத்தான் காட்டுது; பொழுதுபோக்குதான் காரணம்னு அடிச்சுச் சொல்லல. அதுவும் வயசானவங்ககிட்ட செஞ்ச ஆய்வு. அதனால "கப்பல் கட்டினா டிப்ரஷன் போயிடும்"னு நான் சொல்லமாட்டேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க இதை நம்பி நிறுத்தவே கூடாது.

10) "டாக்டர், நாள் பூரா கையாலதானே வேலை, வீட்டுக்கு வந்தும் கைவேலையா?" நியாயமான கேள்வி. பதிலுக்கு மொரிசியஸைப் பாருங்க. அங்க மரக்கப்பல் மாதிரி செய்யிறதே ஒரு தொழில். பட்டறையில ஒருத்தர் மரம் இழைப்பார், கயிறு கட்ட வேற ஆள். அவங்களுக்கு அது சம்பளம், டார்கெட், முதுகு வலி. அதே கப்பலை நீங்க உங்க ரூம்ல கட்டும்போது அது ஓய்வு. பொருள் ஒண்ணுதான். வேகத்தை யார் முடிவு பண்றாங்கங்கிறதுதான் வித்தியாசம். லைன்ல பெல்ட் முடிவு பண்ணுது. இங்க, "இன்னைக்கு மூணு பட்டி போதும்"னு நீங்க சொல்றீங்க.

11) நெப்போலியன் காலத்துப் போர்கள்ல பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள் இங்கிலாந்துல நார்மன் கிராஸ் முகாம்ல அடைபட்டுக் கிடந்தாங்க. சாப்பாட்டுல மிஞ்சின எலும்பைச் செதுக்கி அவங்க செஞ்ச போர்க்கப்பல்களை இன்னைக்கும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்துல பார்க்கலாம். வித்துக் காசும் பார்த்தாங்க, அது வேற. தன் நாள் தன் கையில இல்லாத மனுஷன் என்ன செய்வான்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

12) "ஃபோன் பார்த்தாலே ரிலாக்ஸ் ஆயிடுதே?" ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்த பிறகு என்ன பார்த்தோம்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மணி நேரத்துல ஒட்டின நாலு பட்டி மறுநாளும் அங்கேயே இருக்கும்.

13) "காசு?" நல்ல வெளிநாட்டு கிட் பல ஆயிரம் ரூபாய், உண்மைதான். அதனால பெரிய கப்பல்ல ஆரம்பிக்காதீங்க. நெல்சனோட விக்டரியை முதல்லயே வாங்கி, பாதியில பரண்ல போட்டவங்க உலகம் பூரா இருக்காங்க. ஒத்தைப் பாய்மரச் சின்னப் படகுல தொடங்குங்க. அதுவும் வேணாமா? ஐஸ்க்ரீம் குச்சி, மூங்கில் சிம்பு, தச்சுப் பட்டறையில கழிச்ச பிளைவுட், தையல் நூல், மரப்பசை. ஒரு தோணி கட்டலாம்.

14) இப்போ எச்சரிக்கைகள்.
• தூக்கம்தான் முதல்ல. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா சாப்பிட்டு, ரூமை இருட்டாக்கித் தூங்குங்க. கப்பல் சாயங்காலம், இல்லன்னா லீவு நாள்ல.
• கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ராத்திரியில மரத்துப் போகுதா? முதல்ல டாக்டரைப் பாருங்க. மணிக்கட்டு நரம்பு அழுத்தமா இருக்கலாம். நுணுக்க வேலை அதைக் கூட்டும்.
• மரத்தூள் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கு. தேய்க்கும்போது மாஸ்க், திறந்த ஜன்னல் கட்டாயம்.
• ஃபெவிக்விக் வகைப் பசையைப் பஞ்சு, பருத்தித் துணியால துடைக்காதீங்க. சூடாகித் தோலைச் சுட்டுடும். விரல் ஒட்டிக்கிட்டா இழுக்காம வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊறவைங்க. கண்ணுல பட்டா நேரா ஆஸ்பத்திரி.
• பிளேடு வெட்டினா டிடி ஊசி எப்போ போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

15) ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பொழுதுபோக்கு உரிமைக்கு மாற்று இல்ல. 2024ல இதே சுங்குவார்சத்திரத்துல சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சங்க அங்கீகாரம், சம்பளம்னு கேட்டாங்க. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் "போய் கப்பல் கட்டுப்பா"ன்னு எந்த மேனேஜராவது பதில் சொன்னா, இந்த த்ரெட்டை அவருக்குச் சாதகமா காட்டாதீங்க.

16) என் கோரிக்கை வேற. 2024ல வல்லம் வடகால்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற குடியிருப்பு திறந்தாங்க. நல்ல காரியம். ஆனா இந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ பேர் ஒரு ரூம்ல அஞ்சாறு பேரா இருக்காங்க. பாதி கட்டின கப்பலை எங்க வைப்பாங்க? கட்டில் மேலயா? பாயைச் சுருட்டுறதுக்கே இடம் இல்ல.

17) விடுதி நடத்துறவங்களே, கம்பெனி எச்ஆர்களே, பஞ்சாயத்து நூலகம் பார்த்துக்கிறவங்களே: ஒரு நீள மேசை, நல்ல விளக்கு, பூட்டு போட்ட அலமாரி. இவ்வளவுதான் கேக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள் விளையாட்டு விழா வெச்சு போட்டோ எடுக்கிற செலவுல இதை முடிச்சிடலாம். யார் என்ன கட்டுறாங்க, எப்போ முடிப்பாங்கன்னு கேக்க சூப்பர்வைசர் மட்டும் வேணாம்.

18) படிக்கிற உங்களுக்கு: வர்ற லீவு நாள்ல ஒரு மணி நேரம், டார்கெட் இல்லாத ஏதாவது ஒண்ணைக் கையால செய்ய ஆரம்பிங்க. கப்பல்தான்னு இல்ல. ஏற்கெனவே செய்யிறவங்க போட்டோ போடுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல, பாதியில நின்னாலும் பரவாயில்ல, பார்க்க ஆசையா இருக்கு.