பாமாவை லண்டனில் படிக்கக் கூடாதா?

அரசு கலைக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் விரும்பிச் சேரும் பாடங்களில் பி.ஏ. ஆங்கில இலக்கியமும் ஒன்று. கட்டணம் குறைவு. ஆய்வகச் செலவு இல்லை. ஆங்கிலம் பேச வந்துவிடும் என்றொரு நம்பிக்கை. மூன்றாண்டு முடிந்ததும் பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, இடையில் ஏதாவது தனியார் பள்ளி வேலை. இந்தப் பாதையை நாம் குறை சொல்லவில்லை. பல வீடுகளில் அடுப்பு எரிவது இதனால்தான். ஆனால் இதே பாடத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வாகவோ முனைவர் பட்டமாகவோ படிக்க அரசே பணம் தருகிறது என்ற செய்தி அந்த வகுப்பறைகளுக்கு வந்து சேர்வதில்லை. வெளிநாட்டுப் படிப்பென்றால் இன்ஜினியரிங், எம்.பி.ஏ. என்றுதான் ஊரில் பேச்சு.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடந்து வருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள், பட்டத்தில் 60 விழுக்காடு மதிப்பெண். கல்விக் கட்டணம், விமானச் செலவு, தங்கிச் சாப்பிடும் செலவு எல்லாம் இதில் அடங்கும். நாடு முழுவதற்கும் 115 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும் ஒழுங்காகக் கைக்கு வருகிறதா என்றால், 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் அனுப்பிவிட்டு, மீதி 66 பேரை நிதி இருந்தால் பார்க்கலாம் என்று காக்க வைத்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று 2022-இல் வந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை அடிப்படையாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதியில் எழுதிச் சேர்த்தார்கள். இவற்றை இங்கேயே படிக்கலாமே என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆங்கில இலக்கியம் படிக்க நினைக்கும் நம் மாணவருக்கு இதன் பொருள் என்ன? ஷேக்ஸ்பியரை ஆய்வு செய்யப் போனால் அரசு விமானம் ஏற்றிவிடும். பாமாவின் 'கருக்கு' பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், இந்தியச் சமூகம் பற்றிய தலைப்பு என்று தள்ளிவிட இந்த விதி இடம் தருகிறது.

'கருக்கு' 1992-இல் வந்த நூல். 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆங்கிலத்தில் இருக்கிறது. சிவகாமி தன் 'பழையன கழிதலும்' நாவலைத் தானே ஆங்கிலத்தில் எழுதினார். வெளிநாட்டு ஆங்கிலத் துறைகளில் தலித் எழுத்து இன்று ஒரு பாடம். அங்கே அதற்கு உரை சொல்பவர்களில் நம் தெருவிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? நம் எழுத்து கடல் கடக்கலாம், நம் பிள்ளை மட்டும் அதே எழுத்தைத் தூக்கிக்கொண்டு கடக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? சாதியின் தோற்றம் பற்றி அம்பேத்கர் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை வாசித்தது 1916-இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அவரை அனுப்பியது பரோடா மன்னரின் உதவித்தொகை. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அந்தத் தலைப்புக்குக் காசு கிடைத்திருக்காது.

இன்னொரு வேதனையும் இருக்கிறது. பாமா பிறந்தது கிறித்தவக் குடும்பத்தில். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித்துகள் பட்டியல் சாதியினர் அல்லர். ஆகவே மத்திய உதவித்தொகைக்கு அவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். உங்கள் பாடம் அந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இலக்கியம் படித்து என்ன செய்யப் போகிறாய், அதுவும் வெளிநாட்டில்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் படிப்பு முடித்ததும் அங்கே வேலை காத்திருக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். அதனால் நிலத்தை அடமானம் வைத்தோ, வங்கியில் 30 லட்சம் கடன் வாங்கியோ இதற்குப் போகாதீர்கள். மாவட்டத் தலைநகரில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுகளின் பேச்சையும் நம்பாதீர்கள். பெயர் தெரியாத கல்லூரியில் ஆள் சேர்த்தால் அவர்களுக்குக் கமிஷன். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போங்கள். கிடைக்காவிட்டால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆங்கிலத் துறை எம்.ஏ. ஆங்கிலத்திலேயே நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவைக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அதுவும் நமக்குச் சின்னத் தொகை இல்லை.

கே.ஆர்.நாராயணனை நினைத்துப் பாருங்கள். கேரளத்தின் உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்தவர். ஆங்கில இலக்கிய எம்.ஏ.வில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் முதலிடம். 1945-இல் டாடா உதவித்தொகையில் லண்டன் போனார். அங்கே அவர் படித்தது அரசியல் அறிவியல். பின்னாளில் குடியரசுத் தலைவரானபோதும் இலக்கியம் தந்த ஆங்கிலம் அவர் கையில் இருந்தது.

தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனில் இலக்கிய எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டுதான். வாரத்துக்கு ஓரிரு நாவல் படித்துவிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். கேள்விக்கு விடை எழுதுவதைவிடக் கட்டுரை எழுதுவதுதான் வேலை. நம் கல்லூரியில் பஸ் ஸ்டாண்டுக் கடை கைடை மனப்பாடம் செய்து எழுதினால் எழுபது மதிப்பெண் வரும். அங்கே அது திருட்டு. சேர்க்கைக்கே, நீங்களாக எழுதிய கட்டுரை ஒன்றை மாதிரியாகக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மூன்றாண்டில் சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதாதவர் அன்று எதை அனுப்புவார்? எனவே முதலாண்டிலிருந்தே மாதம் ஒரு நூலைப் படித்து, அதைப் பற்றிச் சொந்த ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதுங்கள். பிழை இருக்கட்டும், கருத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். இரண்டு பேராசிரியர்கள் உங்களைப் பற்றி விவரமாக எழுதித் தர வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் பாதிப் பாடம் நடத்துவது கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்று இரண்டு வரி டைப் அடித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடிதம் அங்கே செல்லாது. ஆங்கிலத் துறைத் தலைவர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். தலித் எழுத்தாளர் மன்றங்களும் மாணவர் அமைப்புகளும் 2022-ஆம் ஆண்டு விதியை நீக்கச் சொல்லி எழுப்பும் குரலில் கல்லூரி ஆசிரியர்களும் சேர வேண்டும்.

மாணவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போட்டால்தான் அது நேரத்துக்கு வரும். ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., பாஸ்போர்ட், இ-சேவை மையத்தில் வாங்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். இப்போது இரண்டாமாண்டு படிப்பவர்கள் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம்.